மலையைக் கெல்லிக் கரப்பான்பூச்சி பிடித்த கதை

ஃபெர்டினாண்ட் டி லெஸ்ஸப்ஸ் பொறியாளர் இல்லை. இந்த ஒன்றை முதலிலேயே சொல்லிவிட்டால் மிச்சக் கதை சுலபமாகப் புரியும். பிரெஞ்சுத் தூதரக உத்தியோகத்தை விட்டு வந்தவர். வாய்ச் சாமர்த்தியம், வெள்ளை மீசை, அரண்மனைச் சொந்தம் எல்லாம் உண்டு. இவற்றை வைத்தே சூயஸ் கால்வாயை வெட்டி 1869-ல் திறந்தும் விட்டார். திறந்த கையோடு, 64 வயதில், தன்னைவிட நாற்பது வயதுக்கு மேல் இளைய பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு வரிசையாகப் பன்னிரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனானார். இப்பேர்ப்பட்ட மனுஷரிடம் போய் "ஐயா, இது நடக்காது" என்று எவன் சொல்வான்?

ஒருவர் சொன்னார். 1879 மே மாதம் பாரிஸில் ஒரு மாநாடு. பனாமாவில் அட்லான்டிக்கையும் பசிபிக்கையும் இணைக்கும் கால்வாயை எப்படி வெட்டுவது என்று முடிவு செய்ய. டி லெஸ்ஸப்ஸ் முடிவை வீட்டிலேயே செய்து எடுத்து வந்திருந்தார்: சூயஸ் மாதிரியே கடல் மட்டத்துக்குத் தோண்டுவது, மதகு கிதகு எதுவும் கிடையாது. கோடன் டி லெபினே என்ற பொறியாளர் எழுந்தார். சாக்ரஸ் ஆற்றுக்கு அணை கட்டுங்கள், ஏரி உண்டாகட்டும், கப்பலை மதகு வழியாக ஏற்றி இறக்குங்கள், மலையை அவ்வளவு ஆழம் வெட்ட வேண்டி வராது என்றார். சபை மரியாதையாகக் கேட்டுக்கொண்டது. பிறகு ஓட்டுப் போட்டது. கடல் மட்டத்துக்கு 74 ஓட்டு, எதிர்த்து 8. அந்த 74 பேரில் பொறியாளர்கள் 19 பேர்தான். அந்த 19 பேரில் மத்திய அமெரிக்காவைக் கண்ணால் பார்த்தவர் ஒரே ஒருவர். மற்றவர்களுக்குப் பனாமா என்பது வரைபடத்தில் இரண்டு விரல் அகலம் உள்ள இடம். அதை வெட்ட என்ன கஷ்டம்?

சூயஸில் தோண்டியது பெரும்பாலும் மணல். தரை மட்டம். மழை என்பது வதந்தி. பனாமாவிலோ நடுவே முதுகெலும்பு மாதிரி மலை. அதில் குலேப்ரா என்ற கணவாய்தான் இருப்பதிலேயே தாழ்வு, அதுவே கடலுக்கு மேல் சுமார் முந்நூறு அடி உயரம். மே முதல் டிசம்பர் வரை வானம் பொத்துக்கொண்டு ஊற்றும். டி லெஸ்ஸப்ஸ் நேரில் போய்ப் பார்த்துவிட்டே வந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். போனது 1879 டிசம்பர் கடைசியில், மழை ஓய்ந்து வானம் கழுவித் துடைத்துவைத்த நேரத்தில். "இவ்வளவு அழகான ஊரையா பயமுறுத்தினீர்கள்?" என்ற தோரணையில் திரிந்தார். 1880 புத்தாண்டு அன்று மகள் ஃபெர்டினாண்ட், ஏழு வயதுக் குழந்தை, முதல் மண்வெட்டு போட வேண்டும் என்று ஏற்பாடு. கப்பல் கிளம்பத் தாமதம், கடல் உள்வாங்கிவிட்டது, கரையிறங்க வழியில்லை. அதனால் என்ன? கப்பல் தளத்திலேயே ஒரு ஷாம்பெயின் பெட்டியில் மண்ணை நிரப்பி, அதில் குழந்தையை விட்டு ஒரு போடு போடச் சொன்னார்கள். பனாமா கால்வாயில் எந்தச் சரிவும் இல்லாமல் நடந்த தோண்டல் வேலை அது ஒன்றுதான்.

அவருடைய சொந்த நிபுணர் குழு 84 கோடி ஃபிராங்குக்கு மேல் செலவாகும் என்றது. திரும்பும் வழியில் கப்பலிலேயே உட்கார்ந்து, பேனாவை எடுத்து, அதைச் சுமார் 66 கோடியாக்கினார் டி லெஸ்ஸப்ஸ். ஒரு கன கஜம் மண்கூட அதற்காகக் குறையவில்லை.

இனி மலையின் தரப்பையும் கேட்போம். குலேப்ராவில் மேலே பசால்ட் போன்ற கெட்டிப் பாறைகள் கிரீடம் மாதிரி உட்கார்ந்திருக்கின்றன. ஆங்காங்கே அவற்றுக்கு அடியில் இருப்பது குக்கராச்சா ஷேல். ஸ்பானிஷில் குக்கராச்சா என்றால் கரப்பான்பூச்சி. எரிமலைச் சாம்பல் பல லட்சம் வருஷம் ஊறி, மக்கி, களிமண்ணாகி, மேலே ஏறிய பாறைகளின் கனத்தில் அமுங்கிக் கல்லாக வேஷம் போட்ட பொருள். ஒரு துண்டைப் பெயர்த்துக் கையில் வைத்துப் பார்த்தால் சந்தேகமே வராது, கல்தான். தட்டினால் உடையும். உடைந்த முகத்தை விரலால் தடவினால் வழுக்கும், ஏற்கெனவே எப்போதோ உள்ளுக்குள்ளே ஒன்றோடொன்று உரசி மெருகேறிய தளங்கள் அதில் ஏராளம். அந்தத் துண்டை வெயிலில் காயப்போட்டு, பிறகு ஒரு கிண்ணம் தண்ணீரில் போட்டுவிட்டுக் காத்திருங்கள். டீயில் விட்ட பிஸ்கட்டின் கதி. கல் போய் அடியில் சேறு படிந்திருக்கும்.

இன்னொரு குணம் இதைவிட மோசம். வெட்டிய அன்றைக்கு அப்படியே நிற்கும், செங்குத்தாகக்கூட. பார்க்கிற பொறியாளர் மகிழ்ந்து போவார். மேலே இருந்த கனம் போனதும் இந்தக் களிப்பாறை மெல்ல மூச்சுவிட்டு விரிய ஆரம்பிக்கும். விரிகிறபோது உள்ளே நுண்துளைகளில் ஓர் உறிஞ்சல் ஏற்படும். அந்த உறிஞ்சல்தான் தற்காலிகமாகச் சரிவைப் பிடித்துக்கொண்டிருக்கும் கடன் பலம். அடுத்த மழைக்கோ அதற்கும் பல வருஷம் கழித்தோ தண்ணீர் உள்ளே புகுந்து அந்தக் கடனை வசூலிக்கும். அதற்குள் ஒப்பந்ததாரர் பில் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போயிருப்பார்.

பிரெஞ்சுக்காரர்கள் 1881-ல் வேலை ஆரம்பித்தார்கள். 1884-லேயே குக்கராச்சா நகர ஆரம்பித்துவிட்டது. சரிவு நிற்கவில்லையா, இன்னும் கொஞ்சம் படுக்க வை என்றார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓர் அடி உயரத்துக்கு ஓர் அடி சாய்வு என்பதை மூன்றடி சாய்வாக மாற்றினால், பக்கவாட்டில் எடுக்க வேண்டிய மண் அப்படியே மூன்று மடங்கு. தோண்டிய மண்ணைப் பக்கத்துப் பள்ளத்தாக்குகளில் கொட்டினார்கள். மழை வந்தபோது அந்தக் குவியலும் தனியாகச் சரிந்து, மண் ஏற்றிப்போகும் தண்டவாளத்தை இழுத்துக்கொண்டு போனது. ஆக, மண்ணை எடுத்த இடத்திலும் சரிவு, போட்ட இடத்திலும் சரிவு.

கடைசியில் 1887-ல் கிழவர் இறங்கிவந்தார். மதகுகள் கட்டித் தருமாறு கோபுரப் புகழ் ஈஃபலை அழைத்தார்கள். அதாவது எட்டு வருஷத்துக்கு முன்னால் லெபினே சொன்னதைச் செய்ய. காலம் கடந்திருந்தது. 1889-ல் கம்பெனி திவால். சுமார் எட்டு லட்சம் பிரெஞ்சுக்காரர்களின் சேமிப்பு போனது. வழக்கில் டி லெஸ்ஸப்ஸுக்கும் மகனுக்கும் ஐந்து வருஷம், ஈஃபலுக்கு இரண்டு வருஷம் என்று 1893-ல் தீர்ப்பு வந்தது, பிறகு ரத்தும் ஆனது. சிரிக்க முடியாத கணக்கு ஒன்றும் இருக்கிறது: மஞ்சள் காய்ச்சலிலும் மலேரியாவிலும் விபத்திலும் சுமார் 20,000 உயிர்கள், பெரும்பாலும் கரீபியத் தீவுகளிலிருந்து கூலிக்கு வந்தவர்கள். அவர்களில் ஒருவரும் பாரிஸில் ஓட்டுப் போடவில்லை.

அடுத்து 1904-ல் அமெரிக்கர்கள் வந்தார்கள். முன்னவன் பட்டதைப் பார்த்துப் பின்னவன் திருந்துவான் என்பது உலக நியதி. இவர்கள் கூட்டிய சர்வதேச நிபுணர் குழு, கடல் மட்டத்துக்கே தோண்டலாம் என்று 8-க்கு 5 என்ற கணக்கில் மறுபடியும் ஓட்டுப் போட்டது. மழையில் நனைந்திருந்த ஒருவர் மட்டும் அதைத் தடுத்தார். தலைமைப் பொறியாளர் ஜான் ஸ்டீவன்ஸ், ரயில்வேக்காரர், பனாமாவின் ஒரு மழைக்காலத்தை முழுசாக அனுபவித்தவர். மதகுக் கால்வாய்தான் என்று அவர் வாஷிங்டனில் மன்றாடியதில், 1906-ல் செனட் 36-க்கு 31 என்று தலையாட்டியது. அதே வருஷம் நவம்பரில் ஜனாதிபதி தியோடோர் ரூஸ்வெல்ட் பனாமா வந்தார். வேண்டுமென்றே கொட்டும் மழைக்காலமாகப் பார்த்து வந்து, வெள்ளை உடையோடு நீராவி ஷவலில் ஏறி உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டார். பந்தாவில் டி லெஸ்ஸப்ஸும் இவரும் சமம். ஆனால் ரூஸ்வெல்ட் பார்த்தது நிஜப் பனாமா.

1907-ல் ஸ்டீவன்ஸ் விலகிப்போக, ராணுவப் பொறியாளர் ஜார்ஜ் கோதல்ஸ் பொறுப்பேற்றார். குலேப்ரா மலைவெட்டு பொறியாளர் டேவிட் கெய்லார்டின் தலையில் விழுந்தது. சொல்லிவைத்த மாதிரி அந்த அக்டோபர் 4-ஆம் தேதி, பல நாள் மழைக்குப் பிறகு, குக்கராச்சா கிளம்பியது. சுமார் ஐந்து லட்சம் கன கஜம். ஓடவில்லை, பாயவில்லை. நாளொன்றுக்குப் பதினான்கு அடி என்று நிதானமாக, கல்யாண ஊர்வலம் போகிற வேகத்தில்கூட இல்லாமல், நகர்ந்து வந்து தண்டவாளங்களையும் இயந்திரங்களையும் மூடியது. இது பனிக்கட்டிக்குப் பதில் சேற்றால் ஆன வெப்பமண்டலப் பனியாறு என்றார் கெய்லார்ட். நோய்க்குப் பெயர் வைத்தாகிவிட்டது, மருந்துதான் பாக்கி.

அப்புறம் மலை தன் முழு வித்தைகளையும் எடுத்து விட்டது. எனக்குப் பிடித்தது அடித்தளம் எழும்பிய வித்தை. இரண்டு பக்கமும் மலை, நடுவில் பள்ளம். பக்கத்து மலையின் கனம் அடியிலுள்ள மெத்துப் பாறையை அமுக்கும். அமுங்கியது எங்கே போகும்? கனம் இல்லாத இடம் பள்ளத்தின் தரைதான், அங்கே மேலே வரும். தொழிலாளர்கள் தோண்டிக்கொண்டிருக்கும்போதே காலடித் தரை உயர்ந்தது, டன் கணக்கில் கனமுள்ள ஷவலைத் தண்டவாளத்தோடு சேர்த்துத் தூக்கியது. கீழே போவதற்குச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் மேலே போய்க்கொண்டிருந்தார்கள்.

விரிசல்களிலிருந்து புகை வந்தது இன்னொரு கூத்து. எரிமலை வெடிக்கப் போகிறது என்று செய்தி பரவியது. கால்வாய்க் கமிஷனின் புவியியலாளர் வந்து பார்த்தார். ஷேலில் இருந்த பைரைட் என்ற இரும்பும் கந்தகமும் கலந்த கனிமம் காற்றும் ஈரமும் பட்டுச் சூடேறிப் புகைகிறது, பயப்பட ஒன்றுமில்லை என்றார். சரிவுகளுக்குச் சிமென்ட் பூசிப் பார்த்தார்கள். சரிவு கீழே போனபோது சிமென்டும் கூடவே போனது.

பலன் தந்த வைத்தியம் அழகில்லாதது. மேலே கனத்தைக் குறை. உச்சியிலிருந்து படிப்படியாக மண்ணை எடுத்து, தண்ணீர் தேங்காமல் வழி செய்து, சரிந்து விழுந்ததை மறுபடி வாரிக்கொண்டே இரு. மலைக்கு எந்தச் சாய்வில் படுத்தால் தூக்கம் வருமோ அந்தச் சாய்வுவரை விடாதே. குக்கராச்சா ஒருமுறை வெட்டை முழுசாகக் கடந்து எதிர்க்கரையில் ஏறியபோது, இனி என்ன செய்வது என்று கெய்லார்ட் கேட்டாராம். கோதல்ஸ் சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு, என்ன எழவு, மறுபடி தோண்டு என்றாராம். சரிவு நிலைப்பு பற்றி அன்றைய உலகத்தில் இருந்த மொத்தத் தத்துவமும் இவ்வளவுதான் என்றால் மிகையில்லை.

இந்தத் தத்துவத்தின் விலையைப் பாருங்கள். மலைவெட்டில் மொத்தம் 5 கோடியே 40 லட்சம் கன கஜத்துக்கும் குறைவாகத்தான் எடுக்க வேண்டியிருக்கும் என்பது 1906 மதிப்பீடு. 1908-ல் அது 7 கோடியே 80 லட்சம். 1910-ல் 8 கோடியே 40 லட்சம். 1913-ல் 10 கோடி. அதாவது ஏழு வருஷம் இராப்பகலாகத் தோண்டத் தோண்ட, தோண்ட வேண்டியது வளர்ந்துகொண்டே போனது. மேல் அகலம் 670 அடி என்று போட்ட கோடு, சரிவு வந்த இடங்களில் 1,800 அடியில் போய் நின்றது. இதில் தலைமை அலுவலகம் இருந்ததே குலேப்ரா ஊரில், வெட்டின் விளிம்பில். விளிம்பு ஒவ்வொரு மழைக்கும் அலுவலகத்தைத் தேடி வர, கட்டடங்களைக் கழற்றிக்கொண்டு ஜனங்கள் பின்வாங்கினார்கள். கால்வாய் ஊழியர்களைப் பார்த்து மலை "நீங்கள் போங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொன்ன ஒரே திட்டம் இதுவாகத்தான் இருக்கும்.

கெய்லார்ட் 1913 டிசம்பரில் மூளைக் கட்டியால் இறந்தார். கால்வாயில் கப்பல் போவதைப் பார்க்கவில்லை. மலைவெட்டுக்கு அவர் பெயரை 1915-ல் வைத்தார்கள். நூறு ஆண்டுகூட ஆகவில்லை, கால்வாய் பனாமாவின் கைக்கு வந்த பிறகு பழைய குலேப்ராவே திரும்பி வந்துவிட்டது. அமெரிக்கர் காலத்துச் சாவுகள் அரசுக் கணக்கில் 5,609. அதிலும் பெரும்பகுதி கறுப்பினத் தொழிலாளர்கள். அவர்கள் பெயரில் ஒரு மேடுகூட இல்லை.

1913 அக்டோபர் 10 அன்று ஜனாதிபதி வுட்ரோ வில்சன் வாஷிங்டனில் ஒரு பொத்தானை அழுத்தினார். தந்திக் கம்பி வழியாகச் செய்தி ஓடி, கம்போவா தடுப்பணை வெடித்தது. வெட்டுக்குள் தண்ணீர் வந்தது. ஆனால் குக்கராச்சா அப்போதும் குறுக்கே படுத்திருந்தது. ஜனாதிபதியின் பொத்தான் அதன்மேல் வேலை செய்யவில்லை. தூர்வாரும் கப்பல்களைக் கொண்டுவந்து வழி செய்தார்கள். 1914 ஆகஸ்ட் 15-ல் 'ஆன்கான்' என்ற கப்பல் முறைப்படி கடந்தது. உலகம் கைதட்டியிருக்கும். ஆனால் சில வாரங்களுக்கு முன்புதான் உலகப்போர் ஆரம்பித்திருந்தது, யாருக்கும் நேரமில்லை.

மலை அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தது. 1915-ல் கால்வாயைக் கொண்டாடி சான் பிரான்சிஸ்கோவில் பிரம்மாண்டமான கண்காட்சி நடந்துகொண்டிருந்தது, கால்வாயின் இயங்கும் மாதிரியெல்லாம் வைத்து. கண்காட்சி நடக்கும்போதே, செப்டம்பரில், கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் குலேப்ரா சரிவுகள் கைகோத்து நிஜக் கால்வாயை அடைத்தன. 1916 ஏப்ரல்வரை ஏழு மாதம் மூடிக் கிடந்தது. மாதிரிக் கால்வாயில் மட்டும் போக்குவரத்து தடையில்லாமல் நடந்தது.

வில்சன் பதறிப்போய் தேசிய அறிவியல் அகாடமியைக் கூப்பிட்டார். 1915 டிசம்பரில் குழு பனாமா வந்து பார்த்தது. முழு அறிக்கை அச்சாகி வெளிவந்தது 1924-ல். அதற்குள் கோதல்ஸின் ஆட்கள் வாரி முடித்து, கப்பல் போக்குவரத்தும் பழகிப்போயிருந்தது. குழுவைக் குறை சொல்லக் கூடாது. சரிவின் காரணத்தைக் கணக்கில் கொண்டுவர அன்று கணக்கே கிடையாது.

கணக்கு பிறகு வந்தது. 1936-ல் ஹார்வர்டில் மண் இயக்கவியலின் முதல் சர்வதேச மாநாட்டில் கார்ல் டெர்ஸாகி பேசியபோது பனாமா சரிவுகளைத்தான் எடுத்தார். நாம் செய்வதன் விளைவை முன்கூட்டிச் சொல்லும் திறமையின் எல்லையைத் தாண்டிவிட்டோம் என்று அவை எச்சரித்தன என்றார். இன்று உலகமெங்கும் ஒரு சாலைக்கு மலையை வெட்டும் முன்பு துளையிட்டு மண் எடுத்து, நீரழுத்தம் பார்த்து, சோதனைக்கூடத்துக்கு அனுப்புகிறார்கள். அந்த வழக்கத்துக்குத் தாய்வீடுகளில் ஒன்று இந்தச் சேறு. 1964-ல் இங்கிலாந்தின் ஸ்கெம்ப்டன் இன்னொரு முடிச்சை அவிழ்த்தார்: ஒருமுறை சறுக்கிய களிமண்ணின் தளம் மெருகேறி, அதன் உராய்வு பழைய பலத்தில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும். புதுசாக வெட்டிய மாதிரித் துண்டைச் சோதித்து வரும் எண்ணை நம்பிச் சாய்வு போட்டால், அந்தச் சாய்வு எண்ணைப் படிக்காது. குக்கராச்சா ஏன் ஏறக்குறைய தட்டையான சரிவிலும் வழுக்கியது என்பது இப்படித்தான் புரிந்தது.

இத்தனை புரிந்த பிறகும் மனுஷப் புத்தி அடங்குமா? 1960-களில் அமெரிக்கா மறுபடியும் கடல்மட்டக் கால்வாய் ஆசையில் விழுந்தது. இந்த முறை அணுகுண்டுகளை வரிசையாக வைத்து மலையைத் தகர்க்கலாம் என்று ஒரு கமிஷன் பல வருஷம் ஆராய்ந்தது. கதிர்வீச்சு ஒரு கேள்வி. குண்டு பறித்த பள்ளத்தின் கரைகள் களிப்பாறையில் நிற்குமா என்பது இன்னொரு கேள்வி. 1970-ல் வந்த அறிக்கை, குண்டு வேண்டாம் என்றது. டி லெஸ்ஸப்ஸ் உயிரோடு இருந்திருந்தால் செலவை 22 சதவீதம் குறைத்து ஆரம்பித்திருப்பார்.

1986 அக்டோபரில், வேலை தொடங்கி நூறு வருஷத்துக்கும் மேல் கழித்து, குக்கராச்சா மறுபடி கிளம்பிக் கால்வாயை ஏறத்தாழ அடைத்தது. அதற்குப் பிறகும் விரிவாக்கத்துக்காகக் கரைகளை வெட்டியிருக்கிறார்கள். இப்போது சரிவுகளில் அளவுக் கருவிகள் நிற்கின்றன. கிடைமட்டமாகத் துளையிட்டு வடிகுழாய்கள் செருகி வைத்திருக்கிறார்கள். மழைக்காலத்தில் ஆட்கள் அளவெடுத்துக்கொண்டே இருக்கிறார்கள்.

என்றாவது அந்த வழியாகக் கப்பலில் போக வாய்த்தால், பசிபிக் பக்கம் போகும்போது இடதுகைப் பக்கம், கோல்டு ஹில் தாண்டியதும் பாருங்கள். படிப்படியாகச் செதுக்கிய, சாதுவான ஒரு பச்சைச் சரிவு தெரியும். அதுதான் குக்கராச்சா. படம் எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் அக்டோபரில் போனால் கொஞ்சம் சீக்கிரம் எடுத்துவிடுங்கள்.